மீன்தொட்டி ஃபில்டர் மீடியாவை மாற்றுவது எப்படி: நல்ல பாக்டீரியாவை இழக்காத முழு வழிகாட்டி

ஃபில்டரைத் திறந்து, உள்ளே இருந்த பழையதையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, புது ஸ்பாஞ்சும் புது செராமிக் ரிங்ஸும் வைத்து மூடுகிறோம். தண்ணீர் பளிச்சென்று ஓடுகிறது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செவுள் சிவந்து கிடக்கிறது, துடுப்புகள் உடம்போடு ஒட்டியிருக்கின்றன. பலரும் இதை நோய் என்று எண்ணி மருந்து ஊற்றுவார்கள். அந்த மருந்து, மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடக்கூடும். தண்ணீரைச் சோதித்தால் பெரும்பாலும் அம்மோனியா ஏறியிருப்பது தெரியும்.

மீன்களை இந்த நிலைக்குத் தள்ளாமலே மீடியாவை, அதாவது ஃபில்டருக்குள் வைக்கும் ஸ்பாஞ்ச், ரிங்ஸ் போன்றவற்றை, மாற்றலாம். அதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. சில மாதப் பொறுமையும் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் கிட்டும் போதும்.

மீடியாவில் குடியிருப்பவர்கள்

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியாக வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி, கழிவு, உதிர்ந்த இலை எல்லாம் மட்கும்போதும் அம்மோனியாதான் வருகிறது. ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் இந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் மிதமான அளவில் இருந்தால் தாங்கிக்கொள்ளும், தண்ணீர் மாற்றும்போது அது வெளியேறிவிடும்.

அம்மோனியாவை மாற்றுவது நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபேக்டர் என்று பழைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைக் கையாள்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. நன்னீர்த் தொட்டி ஃபில்டர்கள் பலவற்றில் அம்மோனியா வேலையை ஆர்க்கியா என்னும் வேறொரு நுண்ணுயிர்க் குழுவே அதிகம் செய்கிறது என்று 2011-இல் தெரியவந்தது. இரண்டு படிகளையும் ஒரே உயிரி தனியாகச் செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளும் உண்டு என்பது 2015-இல் வெளிவந்தது. நடைமுறை எளிமைக்காக எல்லாவற்றையும் சேர்த்து இங்கே 'பாக்டீரியா' என்றே சொல்கிறேன்.

இவற்றைப் பற்றி மூன்று விஷயங்கள் தெரிந்திருந்தால் மீதி வழிமுறை எல்லாம் தானாகப் புரியும்.

முதலாவது, இவை தண்ணீரில் மிதப்பவை அல்ல. ஸ்பாஞ்ச், ரிங்ஸ், மணல், கல், இலை, கண்ணாடி என்று ஏதாவது ஒரு பரப்பில் வழவழப்பான மெல்லிய படலமாக ஒட்டி வாழ்கின்றன. ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் இடைவிடாமல் ஓடும் இடம் ஃபில்டர் என்பதால் அங்கே கூட்டம் அதிகம். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற ஏறக்குறைய 4.57 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது. ஓட்டம் நின்றால் இவை திணறுவது இதனால்தான்.

இரண்டாவது, இவை பெருகுவது மிக மெதுவாக. வசதியான சூழலில் ஈ.கோலை போன்ற பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். நைட்ரஜன் பாக்டீரியாவுக்கு நல்ல சூழலிலும் பல மணி நேரம் ஆகும், ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். குளிர்ந்த தண்ணீரில் இன்னும் தாமதம். தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் 6.5-க்குக் கீழே போனாலும் வேகம் குறையும்.

மூன்றாவது விஷயத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. தொட்டியில் எவ்வளவு பாக்டீரியா இருக்கும் என்பதை முடிவு செய்வது மீடியாவின் அளவு அல்ல, கிடைக்கும் அம்மோனியாவின் அளவு. பத்து மீனின் கழிவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வளரும். நீங்கள் மீடியாவை இரட்டிப்பாக்கினாலும் பாக்டீரியா இரட்டிப்பாகாது. இருப்பது இரண்டு இடத்திலும் பங்கு போட்டுக்கொள்ளும், அவ்வளவே. அதனால் 'புதுசு வைத்து ஒரு மாதம் ஆகிவிட்டது, இனி பழையதை மொத்தமாக எடுத்துவிடலாம்' என்பது தவறு. அந்த ஒரு மாதத்தில் புதியதில் ஒரு பங்கு ஏறியிருக்கும். பெரும்பங்கு பழையதிலேயே இருக்கக்கூடும். பழையதைக் கொஞ்சம் எடுத்தால்தான் அங்கே உண்ணப்பட்டுவந்த அம்மோனியா புதியதை வந்தடையும், அப்போதுதான் அங்கே கூட்டம் பெருகும். எடுப்பதைப் பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

எதை மாற்ற வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்

பாக்கெட்டில் 'நாலு வாரத்துக்கு ஒருமுறை மாற்றவும்' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே எல்லா மீடியாவுக்கும் பின்பற்றத் தேவையில்லை. ஒவ்வொன்றின் ஆயுளும் வேறு.

செராமிக் ரிங்ஸ், சின்டர்டு கிளாஸ், லாவா கல், பயோ பால் போன்றவை தேய்ந்து உடையும்வரை பல ஆண்டுகள் இருக்கும். அழுக்கு நிறம் ஏறியது மாற்றக் காரணம் ஆகாது; அந்தப் பழுப்பு நிறத்தோடுதான் பாக்டீரியாவும் இருக்கிறது. நுண்துளைகள் உள்ள வகைகளில் காலப்போக்கில் துளை அடைபடும் என்பது உண்மை. கழுவியும் தண்ணீர் ஊடுருவவில்லை, ரிங்ஸ் பொடிகிறது என்றால் மட்டும் மாற்றலாம்.

ஸ்பாஞ்ச் இதைவிடச் சீக்கிரம் கெடும், ஆனால் அதுவும் மாதக் கணக்கில் அல்ல. தொட்டித் தண்ணீரில் பிழிந்துவிட்டு விரல் எடுத்ததும் பழைய வடிவத்துக்குத் துள்ளி வந்தால் ஸ்பாஞ்ச் நன்றாக இருக்கிறது. அமுங்கியபடியே நின்றால், ஓரம் உதிர்ந்தால், நன்றாகக் கழுவியும் ஓட்டம் குறைவாகவே இருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

வெள்ளை ஃபில்டர் பஞ்சு வேறு கதை. அது நுண்ணிய தூசியைப் பிடிப்பதற்கு மட்டும். ஒன்றிரண்டு வாரத்தில் தூக்கிப்போட்டுப் புதியது வைக்கலாம். அடிக்கடி மாறுவதில் பாக்டீரியா பெரிய அளவில் குடியேற நேரம் கிடைப்பதில்லை, அதனால் இழப்பும் சிறியது. அதே பஞ்சை நாலு மாதம் விட்டுவைத்தால் அது பாதி உயிரியல் மீடியாவாகவே மாறிவிடும். அதை ஒரே நாளில் வீசினால் பாதிப்பு தெரியும். ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு அதை மாற்றாமல் இருப்பது நல்லது.

ஆக்டிவேட்டட் கார்பனும் அப்படியே. சில வாரங்களில் அதன் உறிஞ்சும் சக்தி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் அதன் கரடான பரப்பு பாக்டீரியாவின் இருப்பிடமாகிவிடுகிறது. நீண்ட நாள் கிடந்த கார்பனையும் ஸ்பாஞ்சையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். மருந்து கலந்த தண்ணீரின் நிறத்தையோ மர டானினையோ எடுக்க வேண்டிய தேவை இல்லாத தொட்டியில் கார்பன் நிரந்தரமாக இருக்க வேண்டியதே இல்லை என்பது என் கருத்து. அந்த இடத்தில் கூடுதலாக ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் அதிகப் பயன்.

ஜியோலைட் என்னும் கனிமக் கல்லை வைத்திருப்பவர்கள் மட்டும் தனியாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நன்னீரில் ஜியோலைட் அம்மோனியாவை நேரடியாகப் பிடித்துவைக்கிறது. பாக்டீரியாவுக்கு உணவு குறைவதால் அதன் எண்ணிக்கையும் குறைவாகவே இருக்கும். ஜியோலைட் நிரம்பிய நாளிலோ நீங்கள் அதை மொத்தமாக எடுத்த நாளிலோ தாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் அம்மோனியா சட்டென ஏறும். கால் பங்கு, கால் பங்காக ஓரிரு வார இடைவெளியில் எடுங்கள். ஜியோலைட் இருக்கும் தொட்டியில் உப்பு போடவே கூடாது. பிடித்துவைத்த அம்மோனியாவை உப்பு வெளியேற்றிவிடும்.

மாற்றத் தொடங்கும் முன்

தொட்டி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று முதலில் அளந்து எழுதி வையுங்கள்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் ஏதோ ஓர் அளவு என்று வந்தால் பாக்டீரியா சரியாக வேலை செய்கிறது. பூஜ்யம் வரவில்லையென்றால் மீடியா மாற்றத்தைத் தள்ளிப்போட்டு அந்தக் காரணத்தை முதலில் சரிசெய்ய வேண்டும். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட்டில் மஞ்சளா வெளிர்பச்சையா என்று குழப்பம் வந்தால், ஆர்.ஓ. தண்ணீரை இன்னொரு குழாயில் அதேபோல் சோதித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் குழாய்த் தண்ணீரையும் ஒருமுறை சோதியுங்கள். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த நகரத் தண்ணீரில் குளோரின் நீக்கி ஊற்றியதும் அம்மோனியா வெளிப்படும். பின்னாளில் அதைப் பார்த்து பாக்டீரியா போய்விட்டது என்று பயப்பட வேண்டியிருக்காது.

மாற்றத்துக்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் புது மீன் விட வேண்டாம். தொட்டியின் அடி மணலை ஆழமாக சைஃபன் செய்வதும் (குழாயால் உறிஞ்சிச் சுத்தம் செய்வதும்) அதே வாரத்தில் வேண்டாம். அங்கேயும் நல்ல பாக்டீரியா கணிசமாக இருக்கிறது. மருந்துச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால், குறிப்பாக எரித்ரோமைசின், மெத்திலீன் ப்ளூ போன்றவை ஊற்றியிருந்தால், அது முடிந்து அளவுகள் நிலைக்கும்வரை காத்திருங்கள்.

தேவையான பொருள்கள்: மீன்தொட்டிக்கென்று மட்டும் ஒதுக்கிய, சோப்பு படாத இரண்டு வாளிகள், குளோரின் நீக்கி, துளைப் பை ஒன்றிரண்டு, டெஸ்ட் கிட். ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும் இருந்தால் இன்னும் நல்லது.

புது மீடியா வாங்கும்போது பழையதன் துளை அளவை ஒத்த ஸ்பாஞ்சைத் தேர்ந்தெடுங்கள். மிக நுண்ணியது வாங்கினால் சீக்கிரம் அடைத்துக்கொண்டு ஓட்டத்தைக் குறைக்கும்; மிகப் பெரிய துளை என்றால் தூசி நிற்காது. மெத்தைக்கும் பாத்திரம் தேய்க்கவும் விற்கும் ஸ்பாஞ்ச் வேண்டாம், அவற்றில் வேதிப்பொருள் கலந்திருக்கலாம். புது ரிங்ஸையும் கார்பனையும் தூள் வருவது நிற்கும்வரை அலசுங்கள். இவற்றில் இன்னும் உயிர் எதுவும் இல்லை என்பதால் குழாய்த் தண்ணீரிலேயே அலசலாம். கடைசி அலசலை மட்டும் குளோரின் நீக்கிய தண்ணீரில் செய்தால் போதும்.

புதியதைப் பழையதோடு சேர்த்து ஓடவிடுதல்

இந்த வழிகாட்டியின் மையப் படி இது. ஃபில்டரில் பழைய மீடியா அப்படியே இருக்க, புதியதையும் உள்ளே சேர்த்து நாலிலிருந்து ஆறு வாரம் ஓடவிட வேண்டும். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும் குளிர்நீர்த் தொட்டிக்கு எட்டு வாரம் கொடுங்கள்.

வைக்கும் இடம் முக்கியம். பழைய மீடியாவைத் தாண்டி வரும் தண்ணீரில் அம்மோனியா குறைந்திருக்கும். புதியதைக் கடைசியில் வைத்தால் அதற்குக் கிடைக்கும் உணவு குறைவு. முடிந்தவரை பழைய மீடியாவுக்குப் பக்கத்திலேயே, அதே தண்ணீர் ஓட்டம் அதன்மேலும் படும்படி வையுங்கள். ரிங்ஸ் என்றால் ஒரு தட்டில் பழையதும் புதியதும் கலந்து வைப்பது சிறந்தது. பின்னால் எது பழையது என்று தேட வேண்டியிருக்கும் என்பதால் புதியதைத் துளைப் பையில் கட்டி வையுங்கள்.

உள்ளே இடமே இல்லையென்றாலும் வழி உண்டு. புது ஸ்பாஞ்சை ஃபில்டர் உறிஞ்சும் குழாயின் முனையில் உறைபோலச் செருகலாம். துளைப் பையில் போட்டு, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்துக்கு நேர் கீழே தொங்கவிடலாம். ஓட்டம் குறைவான மூலையில் போட்டால் மட்டும் பயனில்லை.

பழைய ஸ்பாஞ்சின் அழுக்கைப் புதியதன்மேல் பிழிவதைப் பலர் பரிந்துரைப்பார்கள். தீங்கில்லை, கொஞ்சம் உதவும். ஆனால் பாக்டீரியா பரப்பை இறுகப் பற்றியிருப்பதால் பிழியும்போது வருவதில் பெரும்பகுதி சேறும், கரிமப் பொருளைத் தின்னும் வேறு பாக்டீரியாவும்தான். பழைய மீடியாவின் ஒரு துண்டை வெட்டிப் புதியதோடு ஒட்டி வைப்பது இதைவிட நம்பகமானது.

இந்த வாரங்களில் வழக்கம்போலவே தீனி போடுங்கள், வழக்கம்போலத் தண்ணீர் மாற்றுங்கள். ஓட்டம் குறைந்தால் பழைய ஸ்பாஞ்சை மட்டும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை மெதுவாகப் பிழியலாம். சேற்றை அகற்றுவது நல்லதுதான். சேறு மட்கும்போது ஆக்சிஜனைத் தின்று நைட்ரஜன் பாக்டீரியாவைப் பட்டினி போடுகிறது. குழாயடியில் பிடித்துக் கழுவினால் ஒரே நொடியில் எல்லாம் செத்துவிடாது, படலம் கொஞ்சம் காக்கும். ஆனால் குளோரின் அளவு நாளுக்கு நாள் மாறும், எந்த நாளில் அதிகம் என்று நமக்குத் தெரியாது. ஒரு வாளி தொட்டித் தண்ணீர் எளிதாகக் கிடைக்கும்போது அந்த ஆபத்து தேவையில்லை.

ஃபில்டர் வகையைப் பொறுத்து

தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டரில் பெரும்பாலும் ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். உயிரியல் மீடியாவும் பஞ்சும் கார்பனும் எல்லாம் அதுவே. மாதாமாதம் அதைத் தூக்கிப்போடச் சொல்வது ஃபில்டரின் பாக்டீரியாவில் பெரும்பகுதியை மாதாமாதம் தூக்கிப்போடச் சொல்வதுதான். கார்ட்ரிட்ஜுக்குப் பின்னாலுள்ள இடத்தில் அளவாக வெட்டிய ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகி ஆறு வாரம் விடுங்கள். கார்ட்ரிட்ஜின் மேல்பக்கத்தைக் கீறி உள்ளிருக்கும் பழைய கார்பனைக் கொட்டிவிட்டு, துணியை மட்டும் திரும்ப வைத்தால் ஓட்டமும் சீராகும். ஆறு வாரம் கழித்துத் துணியைப் பாதியாக வெட்டி எடுங்கள், இரண்டு வாரம் கழித்து மீதி. அதன்பின் கார்ட்ரிட்ஜ் வாங்கவே வேண்டியதில்லை; ஸ்பாஞ்சும் ஒரு கைப்பிடி ரிங்ஸும் போதும்.

ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு இரண்டு தலை உள்ள மாடல் மிக வசதி. ஒரு தலையை மாற்றிவிட்டு, ஆறு வாரம் கழித்து அடுத்ததை மாற்றலாம். ஒற்றைத் தலை என்றால் அதே தொட்டியில் இரண்டாவது ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிடுங்கள்.

தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டரில் தட்டுகள் பல இருப்பதால் வேலை எளிது. ஒருமுறைக்கு ஒரு தட்டுக்கு மேல் தொடாமலிருந்தால் போதும். ஆனால் மூடிய டப்பா என்பதால் ஓட்டம் நின்றதும் உள்ளிருக்கும் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும். வேலை முடியும்வரை மீடியாவைத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் போட்டு, ஏர் ஸ்டோன் ஓடவிடுங்கள். பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த கேனிஸ்டரை அப்படியே மறுபடி ஓடவிடக் கூடாது. திறந்து உள்ளிருக்கும் கெட்ட தண்ணீரைக் கொட்டி, மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓடவிட வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் அதற்குப் பிறகு சில நாள் அம்மோனியாவைச் சோதிப்பது கட்டாயம்.

டாப் ஃபில்டர், இன்டர்னல் ஃபில்டர் இரண்டுக்கும் மேலே சொன்னதே பொருந்தும்.

பழையதை எடுக்கும் நாள்

1. அன்று காலை தீனி வேண்டாம். முந்தைய நாளும் பாதியளவே போடுங்கள். தீனி குறைந்தால் அம்மோனியாவும் குறையும்.

2. ஹீட்டர், ஃபில்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கை வையுங்கள். தண்ணீர் மட்டம் இறங்கும்போது ஹீட்டர் வெளியே தெரிந்தால் சூட்டில் வெடிக்கக்கூடும்.

3. தொட்டியிலிருந்து கால்வாசித் தண்ணீரை வாளிகளில் எடுங்கள். ஒரு வாளி மீடியாவைப் போட்டுவைக்க, இன்னொன்று அலச.

4. பழைய மீடியாவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுங்கள். ஸ்பாஞ்ச் ஒரே துண்டாக இருந்தால் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மீன் நெருக்கமான தொட்டி என்றால் கால் பங்கு போதும்.

5. மிச்சமிருக்கும் பழையதை இன்று பிழிய வேண்டாம். ஓட்டமே தடைப்படுகிறது என்றால் மட்டும் ஒருமுறை லேசாக அலசுங்கள். எடுப்பதும் கழுவுவதும் ஒரே நாளில் சேர்ந்தால் இழப்பு இரட்டிப்பாகும்.

6. புது மீடியாவை எடுத்த இடத்துக்கு நகர்த்தி, ஃபில்டரை மூடி, தொட்டிக்கு அதே வெப்பநிலையில் குளோரின் நீக்கிய தண்ணீர் ஊற்றி ஓடவிடுங்கள். தண்ணீர் உண்மையிலேயே ஓடுகிறதா, ஹீட்டர் பிளக் மறுபடி மாட்டியாகிவிட்டதா என்று பாருங்கள்.

வேலை முழுவதும் அரை மணி நேரத்துக்குள் முடியட்டும். மீடியா காயக் கூடாது. ஈரமாக இருப்பது மட்டும் போதாது, தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும்.

எடுத்த பழைய துண்டை உடனே குப்பையில் போட வேண்டாம். துளைப் பையில் கட்டி, தொட்டிக்குள் ஓட்டம் உள்ள இடத்தில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். சோதனை முடிவு மோசமானால் அதைத் திரும்ப ஃபில்டருக்குள் வைத்துவிடலாம். ஆனால் இது தொட்டியில் இருக்கும்வரை பாக்டீரியா வேலையும் செய்துகொண்டிருக்கும் என்பதால், உண்மையான சோதனை இதை வெளியே எடுத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

அடுத்த இரண்டு வாரம்

பழையதை வெளியே எடுத்த அடுத்த நாளிலிருந்து ஐந்து நாள் தினமும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதியுங்கள். முதலில் அம்மோனியா அசையும், அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். அம்மோனியா பூஜ்யம் ஆனதும் நிம்மதியாகக் கிட்டை மூடிவைத்துவிட்டால் நைட்ரைட்டைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

அளவைப் படிக்கும்போது பிஎச்சையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் நஞ்சான பகுதி, 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-இல் 0.6 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8-இல் 5 சதவீதத்துக்கு மேல். அதே 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்) ஒரு தொட்டியில் கவனிக்க வேண்டிய எண், இன்னொரு தொட்டியில் உடனே செயல்பட வேண்டிய எண்.

0.25 பிபிஎம் தெளிவாகத் தெரிந்தால் தீனியை நிறுத்தி, கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். 0.5 அல்லது அதற்கு மேல் என்றால் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். பாதி மாற்றினால் அளவும் பாதியாகும். அடுத்த நாள் மறுபடி சோதித்துத் தேவையென்றால் மறுபடி மாற்றுங்கள். இங்கே ஒரு விதிவிலக்கு: தொட்டியின் பிஎச் 6.5-க்குக் கீழும் குழாய்த் தண்ணீரின் பிஎச் 8-க்கு அருகிலும் இருந்தால், ஒரேயடியாகப் பாதி மாற்றினால் பிஎச் ஏறி, நஞ்சற்ற வடிவில் இருந்த அம்மோனியா நஞ்சாக மாறும். அத்தகைய தொட்டியில் பத்து சதவீதமாகப் பலமுறை மாற்றுங்கள். சில வாட்டர் கண்டிஷனர்கள் அம்மோனியாவைத் தற்காலிகமாகக் கட்டிவைக்கும். லேபிளில் அப்படிக் குறிப்பிட்டிருந்தால் அது கைகொடுக்கும். கட்டிவைத்த அம்மோனியாவும் கிட்டில் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

நைட்ரைட் ரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. செவுள் பழுப்பேறி, மீன் மேலே மூச்சுக்குத் தவிக்கும். தண்ணீர் மாற்றுவதோடு, அயோடின் கலக்காத உப்பும் உதவும். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. நூறு லிட்டருக்குப் பத்து கிராம் உப்பு ஏறக்குறைய 60 பிபிஎம் குளோரைடு தரும். அதைத் தனியாகக் கரைத்து மெதுவாக ஊற்றுங்கள். ஜியோலைட் இருந்தால் இது கூடாது. ஏர் ஸ்டோனை ஓடவிடுவது எந்த நிலையிலும் நல்லது.

தண்ணீர் லேசாகப் பால்போலக் கலங்கினால் பதற வேண்டாம். அது கரிமப் பொருளைத் தின்னும் மிதக்கும் பாக்டீரியா பெருகியதன் அடையாளம். சில நாளில் தானாகத் தெளியும். அம்மோனியா பூஜ்யமாக இருந்தால் அதற்கென்று எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இரண்டு வாரம் முழுவதும் இரண்டு எண்களும் பூஜ்யத்தில் நின்றால் அடுத்த மூன்றில் ஒரு பங்கை எடுக்கலாம். அதே வேலை, அதே சோதனை. செடி நிறைந்த தொட்டிகளில் செடியே அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்வதால் அளவு அசையாமல் இருக்கும். அங்கே இந்த இடைவெளியைச் சற்றுக் குறைத்தாலும் பெரும்பாலும் சிக்கல் வராது. செடியில்லாத, பெரிய மீன்கள் உள்ள தொட்டியில் ஒருபோதும் குறைக்காதீர்கள்.

காத்திருக்க நேரமில்லாதபோது

ஃபில்டர் மோட்டார் திடீரென்று நின்றுவிடலாம், ஸ்பாஞ்ச் கையில் உதிரலாம். அப்போது பழைய மீடியா எந்த நிலையில் இருந்தாலும் அதைப் புது ஃபில்டருக்குள் மாற்றுவதே முதல் வேலை. அளவு பொருந்தவில்லையென்றால் வெட்டுங்கள், உதிர்ந்ததைத் துளைப் பையில் அள்ளிப் போடுங்கள். உள்ளே கொள்ளாததைத் தொட்டிக்குள் ஓட்டத்தில் தொங்கவிடுங்கள். புது ஃபில்டர் வாங்கி வரும்வரை பழைய மீடியா வாளியில் ஏர் ஸ்டோனோடு இருக்கட்டும். பிறகு இரண்டு வாரம் தீனியைக் குறைத்து, தினமும் சோதித்து, எண் சொல்வதைப் பார்த்துத் தண்ணீர் மாற்றுங்கள்.

பாட்டிலில் வரும் பாக்டீரியா துணைக்கு மட்டும். உயிருள்ள நைட்ரஜன் பாக்டீரியா உள்ள பாட்டில் உதவும். ஆனால் சூட்டில் கிடந்ததா, எவ்வளவு நாள் பழையது என்பதைப் பொறுத்து அதன் பலன் மாறும். அதை நம்பிச் சோதனையை நிறுத்தக் கூடாது. இன்னொரு ஆரோக்கியமான தொட்டியின் பழைய மீடியா கிடைத்தால் அது எந்தப் பாட்டிலையும்விட மேலானது. அந்தத் தொட்டியில் சமீபத்தில் மீன் இறந்ததா, மருந்து ஊற்றினார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பாக்டீரியாவோடு நோயும், நத்தையும், பாசியும் கூடவே வரும்.

மீன் காசநோய் போன்ற தீராத தொற்று வந்த தொட்டிக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே பழைய மீடியாவைக் காப்பாற்ற முயலக் கூடாது. எல்லாவற்றையும் அப்புறப்படுத்தி, தொட்டியைக் கிருமிநீக்கம் செய்து, மீனில்லாமல் புதிதாக சைக்கிள் செய்யத்தான், அதாவது பாக்டீரியாவை மறுபடி முதலிலிருந்து வளர்க்கத்தான் வேண்டும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கிருமி கையிலுள்ள காயத்தின் வழியே மனிதருக்கும் தொற்றும்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும் தொட்டியில், தேவையைவிட ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கூடுதலாக எப்போதும் ஃபில்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கட்டும். அடுத்த முறை மாற்ற வேண்டி வரும்போது ஆறு வாரக் காத்திருப்பு அங்கேயே முடிந்திருக்கும். நோய்ப்பட்ட மீனைத் தனித் தொட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தாலும் அந்தத் துண்டைக் கூடவே எடுத்துப் போடலாம். அந்தத் துண்டை வைத்த தேதியை ஃபில்டர் மூடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.